தாடிக்கார டைக்ஸ்ட்ராவும் இருபது நிமிடக் காபியும்

1957. ஆம்ஸ்டர்டாமில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பெண் மரியா, செல்லமாக ரியா. மேளதாளம் கிடையாது, படிவம் உண்டு. அதில் தொழில் என்ற இடத்தில் மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு 'புரோகிராமர்' என்று போட்டார். நகராட்சிக்காரர்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை. அப்படி ஒரு தொழிலே கிடையாதாம்! கடைசியில் 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்று பதிந்துதான் கல்யாணத்தை முடித்தார்கள். நம்மூர் மேட்ரிமோனியில் இன்று கதை தலைகீழ். பிசிக்ஸ் படித்த பையனாக இருந்தாலும் 'சாஃப்ட்வேரில் இருக்கிறேன்' என்றால்தான் பெண் வீட்டில் போனையே எடுக்கிறார்கள்.

ரியாவும் அதே ஆபீஸ்தான். கணக்குப் போடுவதற்கென்றே வேலைக்கு வைத்திருந்த பெண்களில் ஒருவர். அதாவது, இருக்கிற தொழிலில் இருந்த பெண்ணை இல்லாத தொழிலில் இருந்த பையனுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். துணிச்சலான குடும்பம்!

இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்களுக்கு இது சாமி பெயர். 'டைக்ஸ்ட்ரா அல்காரிதத்தை விளக்குக' என்ற கேள்வியைத் தாண்டாமல் யாரும் டிகிரி வாங்கியிருக்க முடியாது. பாடப்புத்தகத்தில் அவரைப் பார்த்தால் பிறக்கும்போதே கிராஃப் தியரியோடு பிறந்தவர் மாதிரி இருக்கும். உண்மையில் நம்ம ஆள் பள்ளியில் படித்தபோது ஐ.நா. சபையில் நெதர்லாந்தின் பிரதிநிதியாக உட்கார ஆசைப்பட்டார். அவருடைய வாயைப் பற்றிப் பின்னால் படிக்கப்போகிறீர்கள். ஐ.நா. தப்பித்தது என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள்.

ராட்டர்டாமில் 1930இல் பிறந்தார். அப்பா வேதியியல்காரர், அம்மா கணிதக்காரர். லைடன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துக்கொண்டிருந்தவர், 1951இல் கேம்பிரிட்ஜில் மூன்று வாரப் புரோகிராமிங் வகுப்புக்குப் போய்வந்தார். மறு வருடமே ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் பார்ட்-டைம் வேலை. மூன்று வார கோர்ஸ் முடித்ததும் வேலை நிச்சயம் என்று பஸ் முதுகில் விளம்பரம் ஒட்டுகிறார்களே, அது ஒருவர் விஷயத்தில் நிஜமாகவே நடந்திருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்தவருக்குச் சீக்கிரமே சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்து அறையில் மெஷின் கட்டுகிறவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாஸ்திரம் இருக்கிறது. 'உனக்கு என்ன தெரியும்?' என்று யாராவது நம்மைக் கேட்டால் என்ன சொல்வது? இயற்பியலுக்கே திரும்பிவிடலாமா? 1955இல் டைக்ஸ்ட்ரா தன் முதலாளி வான் வைன்கார்டனின் அறைக் கதவைத் தட்டினார். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் இனி எங்கேயும் போகாது, புரோகிராமிங்கை மரியாதைக்குரிய துறையாக மாற்றப்போகிறவர்களில் நீங்களும் ஒருவராக ஏன் இருக்கக் கூடாது என்றார். டைக்ஸ்ட்ரா வெளியே வரும்போது வேறு ஆளாக வந்தார். ராஜினாமா கடிதத்தோடு வருகிறவனைப் பார்த்து 'கம்பெனியே உன்னை நம்பித்தான் இருக்கிறது' என்று சொல்லும் மேனேஜர் வித்தை ஒன்றும் புதிதல்ல. மேதைகளிடம் இன்னும் சுலபமாகப் பலிக்கும்.

அந்தக் காலத்து மெஷின்களின் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். கணித மையத்தின் முதல் கம்ப்யூட்டர் பெயர் ஆரா. எப்போது ஓடும், எப்போது படுக்கும் என்று அதைக் கட்டியவர்களுக்கே தெரியாது. விருந்தினர் முன்னால் தைரியமாக ஓட்டிக் காட்ட அதில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது என்று டைக்ஸ்ட்ராவே பின்னாளில் எழுதிவைத்தார். ரேண்டம் நம்பர்களை வரிசையாக அச்சடிப்பது! தப்பாக வந்தால்? வந்தால் என்ன, அதுதானே ரேண்டம்! டெமோ என்ற கலையில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இன்றுவரை நிகழவில்லை.

1956இல் ஆர்மாக் என்று புதிய மெஷின் வந்தது. இது கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்கும். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் கணிதம் தெரியாதவர்கள். கேள்வியும் விடையும் அவர்களுக்குப் புரிய வேண்டும், 'அட!' என்று வாய் பிளக்கவும் வேண்டும். ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்கு எது குறுக்குவழி? இதை மெஷினிடம் கேட்கலாம் என்று முடிவானது. நெதர்லாந்து வரைபடத்தில் டைக்ஸ்ட்ரா 64 ஊர்களை எடுத்துக்கொண்டார். அது ஏன் 64? ஆறு பிட்டுக்குள் அடங்குவது அவ்வளவுதான். அறுபத்தைந்தாவது ஊர்க்காரர்களுக்கு அன்று வழி கிடையாது.

வழி கண்டுபிடிக்கும் முறை எங்கே பிறந்தது தெரியுமா? ஆய்வுக்கூடத்தில் அல்ல. ஒருநாள் ரியாவோடு கடைவீதி சுற்றினார். அப்போது நிச்சயமான ஜோடி. ஷாப்பிங்கில் கால் ஓய்ந்து, ஒரு கஃபேயின் வாசலில் காபியோடு உட்கார்ந்தார்கள். அந்த இருபது நிமிடத்தில் மனசுக்குள்ளேயே கணக்கு முடிந்துவிட்டது. பேப்பர் இல்லை, பென்சில் இல்லை. கட்டிக்கொள்ளப்போகும் பெண் எதிரே உட்கார்ந்திருக்க, மனிதர் குரோனிங்கனுக்கு ரூட் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! அதற்குப் பிறகும் அந்தப் பெண் இவரைக் கட்டிக்கொண்டார் பாருங்கள், கணித வரலாற்றில் அதற்கும் ஒரு பாராட்டுப் பத்திரம் வாசித்திருக்க வேண்டும்.

முறை இவ்வளவுதான். ராட்டர்டாமில் கிளம்புங்கள். நேராகப் போகக்கூடிய ஊர்களின் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் மிகக் கிட்டத்தில் இருக்கும் ஊரின் மேல் 'இதற்கு இதுதான் குறுக்குவழி' என்று முத்திரை குத்துங்கள். வேறு ஊரைச் சுற்றி வந்தால் குறையாதா? குறையாது. அந்த வேறு ஊரே இதைவிடத் தூரத்தில் அல்லவா இருக்கிறது! இனி, முத்திரை வாங்கிய ஊர் வழியாகப் போனால் மற்ற ஊர்களுக்குத் தூரம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். மிச்சத்தில் எது கிட்டத்தில்? அதற்கு ஒரு குத்து. குரோனிங்கனுக்கு முத்திரை விழுந்ததும் கடையைக் கட்டலாம். ஒரே நிபந்தனை, எந்தச் சாலையின் நீளமும் மைனஸில் இருக்கக் கூடாது. நம்மூரில் சாலையின் தரம்தான் மைனஸில் போகும், நீளம் போகாது. எனவே இங்கேயும் செல்லுபடியாகும்.

இவ்வளவு பெரிய விஷயத்தை உடனே ஓடிப்போய் அச்சில் ஏற்றினாரா? இல்லை. இந்த மாதிரி சமாசாரத்தைப் போட அன்று சரியான பத்திரிகை இல்லை, அவருக்கும் இதை ஒரு பெரிய சாதனையாக நினைக்கத் தோன்றவில்லை. 1959இல்தான் ஒரு ஜெர்மன் கணித இதழில் வெளியானது. மொத்தம் மூன்றே பக்கம். இன்றைக்கு ஒரு பிஹெச்.டி. மாணவர் நன்றியுரைக்கு அதைவிட அதிகப் பக்கம் எடுத்துக்கொள்கிறார்.

அந்த மூன்று பக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. எக்ஸ்-1 என்ற மெஷினின் பின்பலகையில் எல்லா முனைகளையும் இணைக்க வேண்டும், செம்புக் கம்பி குறைவாகச் செலவாக வேண்டும். அதற்கும் அழகாக வழி சொன்னார். ஆனால் அமெரிக்காவில் ராபர்ட் பிரிம் 1957இலேயே அதைச் சொல்லிவிட்டார். சரி, பிரிமாவது முதல் ஆளா? செக் நாட்டு யார்னிக் 1930இலேயே வெளியிட்டுவிட்டார். 1930 என்றால் டைக்ஸ்ட்ரா தொட்டிலில் கிடந்த வருடம். கண்டுபிடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கலாம் என்றால், தேடுவதற்கு கூகுளும் இல்லை!

அடுத்தது தாடி. ஆல்கால்-60 என்ற புதிய புரோகிராமிங் மொழியை மெஷினுக்குப் புரியவைக்கும் கம்பைலர் எழுதும் வேலையில் டைக்ஸ்ட்ராவும் யாப் ஸோன்வெல்டும் இறங்கினார்கள். முடியும்வரை சவரம் கிடையாது என்று இருவரும் சபதம். பாஞ்சாலி கூந்தல் அளவுக்கு இழுக்கவில்லை, 1960 ஆகஸ்டிலேயே கம்பைலர் ஓட ஆரம்பித்துவிட்டது. ஸோன்வெல்ட் பிறகு ஒழுங்காக மழித்துக்கொண்டார். டைக்ஸ்ட்ரா ஆயுள் முழுக்க தாடியோடு இருந்தார். எந்த புராஜெக்டும் நிஜமாக முடிவதில்லை என்று அவர் முகத்திலேயே எழுதி வைத்திருந்தார் போலும்.

1962இல் ஐந்தோவன் தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனார். அங்கே மாணவர்களுக்குக் கொடுத்த ஒரு பயிற்சிக் கணக்கு பிற்பாடு கம்ப்யூட்டர் விஞ்ஞானி டோனி ஹோர் கைபட்டு உலகப் புகழ் பெற்றது. ஐந்து தத்துவ ஞானிகள் வட்ட மேஜையில். நடுவில் நூடுல்ஸ். ஆளுக்கு இரண்டு முள்கரண்டி தேவை, மேஜையிலோ மொத்தமே ஐந்து. எல்லோரும் ஒரே நேரத்தில் இடதுகைப் பக்கக் கரண்டியை எடுத்துக்கொண்டு வலதுக்குக் காத்திருந்தால்? யாரும் விடமாட்டார்கள், யாரும் சாப்பிடமாட்டார்கள், ஐவரும் பட்டினி. கம்ப்யூட்டரில் இதற்கு டெட்லாக் என்று பெயர். கூட்டணிக் கட்சிகளின் தொகுதிப் பங்கீட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் பாடம் நடத்தவே தேவையில்லை.

இனி அவர் வாய். 1968இல் புரோகிராமில் நினைத்த இடத்துக்குத் தாவ உதவும் கோ-டு கட்டளையைக் கண்டித்து எழுதினார். அவர் வைத்த தலைப்பு சாதுவானது. இதழின் ஆசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த் 'கோ-டு கேடானது' என்கிற பாணியில் மாற்றிப் போட, துறையே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. 1987இல் ஒருவர் 'கோ-டு கேடு என்பதே கேடு' என்று எழுதினார். சில இதழ்களுக்குள் 'அப்படிச் சொல்வதும் கேடா?' என்று அடுத்தவர் வந்தார். தலைப்பை மட்டும் படித்துவிட்டுச் சண்டைக்குக் கிளம்பும் கலையை நாம் பேஸ்புக்கில் கண்டுபிடிக்கவில்லை.

1975இல் எழுதிய ஒரு குறிப்பில் புரோகிராமிங் மொழிகளை வரிசையாக நிறுத்தி வைத்து வெளுத்தார். பேசிக் படித்துத் தொலைத்த மாணவனைத் தேற்றவே முடியாதாம். கோபோல் மூளையை முடமாக்குமாம், அதைச் சொல்லிக்கொடுப்பதையே கிரிமினல் குற்றமாக்க வேண்டுமாம். பாவம், ஒய்2கே சீசனில் சென்னையின் கோச்சிங் சென்டர்களில் அந்தக் குற்றத்தைக் கூட்டுச்சதியாகச் செய்துவிட்டு எத்தனை பேர் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்கள்! ஆணவத்தை அளக்கும் அலகே நானோ-டைக்ஸ்ட்ராதான் என்று கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஆலன் கே மேடையிலேயே கிண்டலடித்தார். இதே டைக்ஸ்ட்ரா 1972இல் கம்ப்யூட்டர் துறையின் உயரிய டூரிங் விருது வாங்கியபோது ஆற்றிய உரையின் தலைப்பு 'பணிவான புரோகிராமர்'.

கம்ப்யூட்டர் உலகின் இந்தப் பெரியவர் பல வருடங்கள் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளவில்லை. மை பேனா, அழகான கையெழுத்து, அவ்வளவுதான். எழுதியதை ஜெராக்ஸ் எடுத்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் ஜெராக்ஸ் எடுத்து அவர்கள் நண்பர்களுக்கு. 1,300க்கும் மேற்பட்ட கட்டுரைகள் இப்படியே பரவின. வாட்ஸ்அப் ஃபார்வர்டுதான், ஒரே வித்தியாசம், அனுப்பியவர் முதலில் யோசித்திருந்தார். கடைசிக் காலத்தில் ஒரு மேக்கின்டாஷ் வாங்கினார். ஈமெயில் பார்க்க!

அவர் கற்பனையில் ஒரு கம்பெனியும் நடத்தினார். பெயர் மேதமேடிக்ஸ் இன்க். தேற்றங்களைத் தயாரித்து விற்பதுதான் பிசினஸ். இன்னும் நிரூபிக்கப்படாத ரீமான் கருதுகோளுக்கு நிரூபணம் ரெடி, ஆனால் அது தொழில் ரகசியம். காட்டமாட்டார்கள், ராயல்டி மட்டும் கேட்பார்கள். வேறு பல நிரூபணங்களை அவசரமாகச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து மெயின்டனன்ஸ் செய்வார்கள். கணிதத்தை இப்படி விற்றால் சிரிக்கிறீர்களே, சாஃப்ட்வேரை மட்டும் எப்படி வாங்குகிறீர்கள் என்பதுதான் குத்தல். குத்தப்பட்ட கம்பெனிகள் யாவும் நலம். இன்று காலை உங்கள் போனுக்கு ஒரு அப்டேட் கூட அனுப்பியிருப்பார்கள்.

1984இல் டெக்சாஸின் ஆஸ்டினுக்குப் பாடம் நடத்தப் போனார். பரீட்சை வாய்மொழியில்தான், ஒவ்வொரு மாணவரையும் தனியாக உட்காரவைத்து மணிக்கணக்கில். லீவு விட்டால் ரியாவோடு ஒரு ஃபோக்ஸ்வேகன் வேனில் தேசியப் பூங்காக்களுக்கு ஊர்சுற்றல். வேனுக்கு அவர்கள் வைத்த பெயர் டூரிங் மெஷின். இவ்வளவு கடுகடுப்பான மனிதருக்குள் இவ்வளவு மட்டமான ஜோக் ஒளிந்திருந்தது என்பதே எனக்கு அவரைப் பிடித்துப்போகக் காரணம். 2002 ஆகஸ்டில் நெதர்லாந்தின் நூனன் ஊரில் காலமானார்.

அரை நூற்றாண்டு அவர் தொண்டை கிழியச் சொன்னது ஒன்றுதான்: புரோகிராமும் கணிதமே, தேற்றத்தை நிரூபிப்பதுபோல எழுதுங்கள், எழுதிவிட்டுத் தட்டிப் பார்க்காதீர்கள். உலகம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அந்த இருபது நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. இன்டர்நெட்டில் பல ரூட்டர்கள் வழி கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். வரைபட ஆப்களுக்குள் ஓடுவதும் அதன் பேரன் பேத்திகள்தான். கையில் பென்சில் இல்லாததால்தான் அது அவ்வளவு எளிமையாக அமைந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே, அடுத்த முறை ஒரு சிக்கல் வந்தால் உடனே லேப்டாப்பைத் திறக்காதீர்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு ஒரு காபிக் கடைக்குப் போய் இருபது நிமிடம் சும்மா யோசியுங்கள். போன் இல்லாமல் கடைக்கு வழி தெரியவில்லை என்றால் டைக்ஸ்ட்ராவைத் திட்டாதீர்கள்; அவர் உங்களை யோசிக்கத்தான் சொன்னார்.