பெட்டியைக் கழித்தால் மிச்சம் நான்

எங்கள் வீட்டில் என் எடை ரகசியமல்ல, கணக்குப் பாடம். ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பெட்டியை நேரே தராசில் வைத்தால் எண்ணை அது மறைத்துவிடும். அதனால் முதலில் நான் வெறும் ஆளாக ஏறி நிற்பேன். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். மனைவி கழிப்பாள். "நூத்தி முப்பத்தொண்ணு. உங்க நூத்தியெட்டு போனா இருபத்திமூணு." ஆறு பெட்டிக்கு ஆறு தடவை, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி. நூற்றியெட்டு என்பது திவ்ய தேசங்களின் எண்ணிக்கை என்று நான் சமாளிப்பேன். ஆம்புலன்ஸுக்கும் அதே நம்பர்தான் என்பாள் அவள்.

இப்படி வெட்டவெளிச்சமான ஒரு சங்கதியைப் பற்றி, போன கோடையில் முன்பின் தெரியாத ஒரு கடைக்காரப் பையனிடம் பொய் சொன்னேன்.

நாங்கள் இருப்பது டெக்சஸில், ஆஸ்டின் நகரில். இங்கே லேக் ஆஸ்டின் என்று ஒன்று உண்டு. பெயர்தான் ஏரி. உண்மையில் மேலே மான்ஸ்ஃபீல்டு அணைக்கும் கீழே டாம் மில்லர் அணைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கொலராடோ ஆறு. (கிராண்ட் கேன்யனைக் குடைந்த கொலராடோ வேறு. ஊரிலிருந்து வரும் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள்.) கடல் இங்கிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். அலை வேண்டுமென்றால் படகை வைத்து நாமே கிளப்பிக்கொள்ள வேண்டியதுதான். படகுக்குப் பின்னால் எழும் அலையில், கயிற்றையும் விட்டுவிட்டு, ஒரு பலகைமேல் நின்று சறுக்கிக்கொண்டு போவதற்கு வேக்சர்ஃப் என்று பெயர். வேகம் மணிக்குப் பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர். டவுன் பஸ் வேகம்.

அலை பெரிதாக எழ வேண்டுமானால் படகு நன்றாக அமிழ வேண்டும். அதற்காக ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, படகுக்குள் இருக்கும் பைகளில் ஆயிரம் கிலோவுக்கு மேல் நிரப்புவார்கள். புதுப் படகுகளில் பின்பக்கத் தகடுகள் அசைந்து அலையைச் செதுக்கிவிடும். எங்கள் நண்பர் வட்டத்தில் படகு வைத்திருப்பது ஒரே ஒரு மதுரைக்காரத் தம்பி. அவருடையது பழசு, தகடு கிடையாது. சறுக்குகிறவர் எந்தப் பக்கம் வருகிறாரோ அந்தப் பக்கம் படகு சாய வேண்டும். அதற்குத் தண்ணீர்ப் பையோடு ஆட்களையும் அடுக்குவார்.

இங்கேதான் என் பொற்காலம் தொடங்கியது. மூன்று கோடை என்னை விடாமல் அழைத்தார்கள். "அண்ணன் வந்தாத்தான் அலை வரும்" என்று தம்பி சொன்னபோது, நம் கலகலப்பான பேச்சைச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் எனக்குக் காய்ச்சல். போக முடியவில்லை. என்னுடைய இடத்தில் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரை உட்கார வைத்தார்களாம், "அப்படியும் கொஞ்சம் குறைஞ்சுதுப்பா" என்றாள் மகள்.

மானம் போனவன் எடுக்கும் முடிவுகள் எப்போதும் செலவில்தான் முடியும். நானும் சறுக்குவேன் என்று அறிவித்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

கடைக்காரப் பையன் முதலில் கேட்டதே எடைதான். நம் ஊரில் துணிக்கடைக்காரர்கூட அளவை ஒரு பார்வையில் எடுத்துக்கொண்டு, வாயால் கேட்டு நம்மை நோகடிக்கமாட்டார். 238 பவுண்டு என்பது என் வாயிலிருந்து 200 ஆக வெளியே வந்தது. பையன் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். நல்ல வளர்ப்பு, ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு சாதி இருக்கிறது என்று விளக்கினான். ஸ்கிம் வகை மெல்லிசு, துடுப்பு சின்னது, வித்தை காட்டுகிறவர்களுக்கு. சர்ஃப் வகை தடிமன், துடுப்பு பெரியது, அலையின் உந்துதலை நன்றாக வாங்கிக்கொள்ளும். கனமான ஆளுக்கு இரண்டாவதுதான் பொருத்தம், நீளத்தைவிட உள்ளே எத்தனை லிட்டர் கொள்ளளவு என்பதுதான் முக்கியம் என்றான். 'கனமான ஆளுக்கு' என்றபோது நான் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது நிற்கிறாரா என்று.

தள்ளுபடியில் ஒரு ஸ்கிம் பலகை இருந்தது. நாலரை அடி நீளம், மாம்பழ நிறம், இருபது லிட்டர் சொச்சம், அட்டையில் '200 பவுண்டு வரை' என்றிருந்தது. வாங்கிவிட்டேன். பையன் கடைசியாக ஒருமுறை "நிச்சயமாகத்தானே?" என்றான். பொய் சொன்னவனுக்கு அதற்கு மேல் போக்கிடம் ஏது?

வேக்சர்ஃபில் கிளம்புவது பார்க்க எளிது. தண்ணீரில் மல்லாந்து மிதக்க வேண்டும். முழங்காலை மடக்கி, குதிகால்களைப் பலகையின் விளிம்பில் வைத்துக்கொள்ள வேண்டும். படகு இழுத்ததும் பலகை தானாக எழும்பி உள்ளங்காலில் ஒட்டும். அவசரப்படாமல் எழுந்து நிற்க வேண்டும். முதல் முறை படகு இழுத்தது. கயிற்றின் அந்த முனையில் படகு, இந்த முனையில் நான், பலகை மட்டும் எங்கோ கீழே மீன்களோடு. நான் சறுக்கவில்லை, உழுதேன். ஏரியில் பாதி மூக்கு வழியாக உள்ளே போய்விட்டுத் திரும்பியது. ஒன்பது முறை இப்படி. பத்தாவது முறை கயிற்றின் கைப்பிடி என் கையைவிட்டுப் போனது. தோளும் கூடவே போயிருக்குமோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"பலகையில கோளாறு போலிருக்கு" என்றேன்.

தம்பி அட்டையை வாசித்தார். மனைவி அங்கேயே, படகிலேயே, கழித்தாள். "இருநூத்தி முப்பத்தெட்டுல இருநூறு போனா முப்பத்தெட்டு பவுண்டு. பதினேழு கிலோ. என்னங்க, முக்கால் பெட்டியை மறைச்சிருக்கீங்க."

தம்பி பொறுமையாகச் சொன்னார். "அண்ணே, லிட்டருக்கு ஒரு கிலோன்னு வச்சுக்கிட்டாலும் எந்தப் பலகையும் நின்ன இடத்துல உங்களைத் தாங்காது. படகு ஓடுற வேகத்துலதான் பலகை தண்ணிக்கு மேல ஏறும். பலகை பெருசா இருந்தா அந்த வேகத்துலயே ஏறிரும். உங்களுக்கு நீளமும் அகலமும் வேணும், ஓரம் தடிமனா இருக்கணும், மூக்கு ரொம்ப மேல வளைஞ்சிருக்கக் கூடாது." உள்ளே என்னதான் இருக்கிறது, இவ்வளவு விலை சொல்கிறார்களே என்றேன். "தெர்மாகோல்தாண்ணே. மேல கண்ணாடி இழையும் பிசினும்." கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார். "தண்ணி ஆவியாகக் கூடாதுன்னு தெர்மாகோலை மிதக்க விடுற வேலையை 2017லயே எங்க வைகை அணையில பார்த்துட்டோம். அதுவும் கரைக்குத்தான் வந்துச்சு."

மறுபடி கடைக்குப் போனேன். அதே பையன். இந்த முறை அவன் கேட்கும் முன்பே 238 என்றேன். இரண்டே மாதத்தில் முப்பத்தெட்டு பவுண்டு ஏறிய ஆளை அனுதாபத்தோடு பார்த்துவிட்டு, ஐந்தடி எட்டு அங்குலத்தில் ஒரு பலகையைத் தூக்கி வந்தான். நாற்பது லிட்டருக்குப் பக்கம். நிறம் சுவர்ப் பூச்சு வெள்ளை. காருக்குள் வைத்தால் மகள் உட்கார இடமில்லை.

அடுத்த சனிக்கிழமை மூன்றாவது இழுப்பில் நின்றேன். சத்தியமாக நின்றேன், காணொளி இருக்கிறது. முன்கால் ஆக்சிலேட்டர், பின்கால் பிரேக் என்று சொல்லியிருந்தார்கள். தொப்பை முன்னால் இருப்பதால் ஆக்சிலேட்டர் தானாகவே மிதிபடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் பலகையில் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டுமாம். தொப்பை அலையைப் பார்த்தது, அலை தொப்பையைப் பார்த்தது. கயிறு தொய்ந்தது. விட்டுவிடுங்கள் என்று எல்லோரும் கத்தினார்கள். விட்டேன்.

நான்கு விநாடி இருக்கும். அலை எனக்குக் கீழே மெல்லக் கரைந்து, நான் நின்ற நிலையிலேயே, தேர் நிலைக்கு வருவது போல அமைதியாகத் தண்ணீருக்குள் இறங்கினேன்.

திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொண்ட தம்பி தயங்கித் தயங்கித்தான் சொன்னார். பலகையில் குறையில்லை, நிற்பதிலும் குறையில்லை. "நீங்க படகுல இல்லாததுனால அலை சின்னதாயிருச்சுண்ணே." வேறு யாரோ ஒருவர் இடதுபக்கம் 108 கிலோவுக்கு உட்கார்ந்திருந்தால் நான் இன்னும் சறுக்கிக்கொண்டிருப்பேனாம்.

கூடுதலாக ஒரு தண்ணீர்ப் பை வாங்குவது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கையில், "சும்மா கிடக்கற பலகைதானே" என்று மனைவி உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பெரிய பலகை யாரையும் கைவிடாதாம், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதுதான் சுலபமாம். முதல் இழுப்பிலேயே எழுந்தாள். கயிற்றைப் படகுக்குள் வீசியெறிந்தாள். ஒரு கையைக்கூட ஆட்டினாள்.

மகள் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் இடதுபக்கம், என் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க," என்று அலைமேலிருந்து குரல் வந்தது, "இன்னும் ரெண்டடி பின்னாடி தள்ளி உக்காருங்க."