‘மாட்டுச்சா?’: கரையோரக் கேள்வி ஒன்றின் இயல்பும் விடைகளும்

தூண்டிலோடு கரையில் உட்கார்ந்திருப்பவரிடம் தமிழர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: ‘என்னண்ணே, மாட்டுச்சா?’ பேர், ஊர் எல்லாம் பிறகு. மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டுத் தக்கை, முள், மண்புழு என்று தூண்டிலின் ஐந்து உறுப்புகளைப் பற்றியும் போதிய அளவு பேசியாயிற்று. ஆறாவது உறுப்பான இக்கேள்விதான் ஆராய ஆளின்றிக் கிடக்கிறது.

முன்னோர் பக்கம் போனால் பெரிதாகப் பலனில்லை. மதராஸ் மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்று தூண்டிலுக்கே ஒரு புத்தகம் போட்டார். ஆனால் துரையிடம் போய் ‘மாட்டுச்சா?’ என்று கேட்கும் தைரியம் அன்று எவருக்கு இருந்திருக்கும்? சோழர் காலத்து வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வருகிறான் கல்கியின் வந்தியத்தேவன். குதிரை மேலிருந்து மீன் பையை எட்டிப் பார்க்க இயலாது என்பதால் அவனும் ஆய்விலிருந்து நீக்கப்பட்டான்.

பைக்கை நிறுத்தாமலே கேட்டுவிட்டுப் போகிறவரை விட்டுவிடலாம். அவருக்கு விடை தேவையில்லை. வண்டிக்கு ஸ்டாண்டு போடுகிறவர்தான் முக்கியம். இவர் கேட்கும்போதே கண் பைக்குள் போயிருக்கும். இன்னொருவர் குத்தகைக்காரரின் ஆள். ஏரி, கண்மாய்களின் மீன்பாசி உரிமை ஏலத்தில் போவதும், எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டு வளர்ப்பதும் வழக்கம். எனவே இவர் வாயில் ‘மாட்டுச்சா?’ என்பது குசலம் விசாரிப்பதல்ல. மாட்டியது மீனா, ஆளா என்பதே இங்கு ஆய்வுப் பொருள்.

விடைகளில் தலையாயது ‘இப்பதான் வந்தேன்.’ காலை ஆறு மணிக்கு வந்தவரும் பதினொரு மணிக்கு இதையே சொல்வார்.

அடுத்தது ‘பொடிசுதான்.’ பெரும்பாலும் இது ஜிலேபிக் கெண்டையைச் சுட்டும். 1952இல் இந்தியாவுக்கு வந்த இந்த ஆப்பிரிக்க மீன் இல்லாத குளம் இன்று அரிது. முட்டையையும் குஞ்சையும் தாய் தன் வாயிலேயே வைத்துக் காப்பதால் பிழைப்பவை அதிகம். கூட்டம் நெருக்கினால் எதுவும் பெரிதாக வளர்வதில்லை. ஆக, ‘பொடிசுதான்’ என்பது பொய்யல்ல, உயிரியல். வாய் நிறையப் பிள்ளையை வைத்திருக்கும் தாய் இரையெடுக்காது என்பதால், தக்கை அசையாத மணிக்கணக்குக்கும் அறிவியல் காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

‘ஆமா, நிறைய’ என்ற விடை இதுவரை பதிவாகவில்லை. சொன்னால் நாளைக்கு அதே இடத்தில் நாலு கம்பு நீட்டிக்கொண்டிருக்கும். இருந்தும், பையில் இருப்பது கெளுத்தி என்றால் மறைப்பது கடினம். மார்புத் துடுப்பின் முள்ளை மூட்டில் உரசிக் கரகரவென்று ஒலி எழுப்பும் மீன் அது. ‘ஒண்ணும் இல்லண்ணே’ என்று முடிப்பதற்குள் பை பேசிவிடும். விராலையும் நம்ப முடியாது. காற்றைச் சுவாசிக்கக் கூடியதாதலால் ஈரச் சாக்கிலும் வெகுநேரம் உயிரோடிருந்து, ஸ்டாண்டு போட்டவர் குனியும்போது பார்த்துத் துள்ளும்.

இக்கேள்வி அடியோடு செல்லாத இடமும் உண்டு. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். விடியுமுன்பே சுற்றுப்பட்டி ஜனம் கரையில் காத்திருக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதுதான் தாமதம், ஊத்தா, கச்சா, கொசுவலை, பழைய வேட்டி என்று கைக்குக் கிடைத்ததோடு எல்லாரும் இறங்கிவிடுவார்கள். சேறு கலங்கியதும் மூச்சுத் திணறி மேலே வரும் மீனைக் கையாலேயே அள்ளலாம். தூண்டிலும் தக்கையும் இல்லை. எல்லாரும் தண்ணீருக்குள் இருப்பதால் கரையிலிருந்து கேட்கவும் ஆளில்லை. வெறும் ஊத்தாவோடு கரையேறும் ஒருவர் மட்டும், கேட்காதவர்களிடமெல்லாம் தானாகவே சொல்லிக்கொண்டு போவார்: ‘நமக்கு மாட்டலப்பா.’