மிஸ்ஸியம்மா மாநாட்டுக்குப் போகுது

கொழும்புக்குப் போறியாமே தாயி. நோயாளியைத் தூக்குறது எப்படின்னு பேச நட்சத்திர ஹோட்டல்ல ரெண்டு நாள் மாநாடாம். தோட்டத்து லயத்துல பொறந்த புள்ள, நர்ஸ் மிஸ்ஸியாகி மேடையேறி இங்கிலீஸ்ல பேசப் போகுதுன்னா தாத்தனுக்குப் பெருமை இல்லாமலா? ஸ்டேஷன்ல குளிரும், ஸ்வெட்டரை மறந்துடாத. இந்த நாட்டு ரயில் பாதையிலேயே ஒசரமான ஸ்டேஷன் நம்ம பட்டிப்பொல, 6,000 அடிக்கு மேல. இங்கேயிருந்து கொழும்புக்கு இறக்கம்தான். பேச்சுல மட்டும் இறங்கிடாத.

நேத்து ராத்திரி இஸ்தோப்புல உட்கார்ந்து நீ வாசிச்சுப் பழகினதை எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தேன். கிழவன் தூங்குறான்னு நினைச்சிருப்ப. அமெரிக்காவுல தோமஸ் வாட்டர்ஸ்னு ஒருத்தர் 2007-ல கணக்குப் போட்டு, நோயாளியைக் கையாளும்போது ஒரு ஆளு கையால தூக்குற பாரம் 35 றாத்தலைத் தாண்டக்கூடாதுன்னு எழுதினாராமே. கிலோவுல சொன்னா 16. நீ அதை வாசிச்ச நேரம் அடுப்படியில உங்க அம்மாயி சிரிச்சது உனக்குக் கேட்டுச்சா? ஒரு நாள் பேருக்கு 18 கிலோ கொழுந்து எடுத்து, கூடைக் கயித்தைத் தலையில மாட்டி மலையேறி இறங்கினவ அவ. மழை நாள்ல கொழுந்து தண்ணி குடிச்சு இன்னும் கனக்கும். அந்தத் தண்ணிக்குத் தராசுல கிலோ கழிப்பாங்க, முதுகுல கழிக்க மாட்டாங்க. அமெரிக்காக்காரன் கணக்கு சரின்னா, அம்மாயி முதுகு எப்பவோ பென்சன் வாங்கியிருக்கணும்.

ஆனா நியாயத்தையும் சொல்லணும். கொழுந்து பேசாம கிடக்கும். மனுஷ உடம்பு கிடக்காது, பாதித் தூக்குல பயந்து உன் கழுத்தைக் கட்டிப் பிடிக்கும். நூறு கிலோ ஆளோட ஒத்தைக் காலே 16 கிலோ வருமாம், நீதான் வாசிச்ச. அப்படின்னா உன் வாட்டுல ஒருத்தர் காலைத் தூக்கி வெச்சதுமே அந்தத் தடவைக்கான அளவு தீர்ந்துபோச்சு, மீதி ஆளு இன்னும் கட்டில்லதான் இருக்காரு.

தூக்குறதைப் பத்தி எங்களுக்கும் கொஞ்சம் தெரியும் புள்ள. அந்தக் காலத்துல லயத்துல யாருக்காவது முடியலைன்னா கம்பளியைக் கம்புல கட்டி, நாலு பேராச் சுமந்து ரோட்டுக்குக் கொண்டு போவோம். இறக்கத்துல கால் முன்னுக்கு, தலை மேட்டுப் பக்கம். குட்டையான ஆளுங்க பின்னுக்கு, ஒசரமான ஆளுங்க முன்னுக்கு, இல்லைன்னா தலைகீழாத் தொங்குவாரு நோயாளி. இதுக்கு யாரும் எங்களுக்கு சர்ட்டிபிகேட் தரல. ஒரே ஒரு சட்டம்தான்: சத்தம் ஒருத்தன்தான் கொடுக்கணும். “ஒண்ணு, ரெண்டு, மூணு”ன்னு எண்ணினா கெட்டது காரியம். பாதிப் பேரு மூணு சொல்லும்போது தூக்குவான், மீதிப் பேரு மூணு சொல்லி முடிச்சப்புறம் தூக்குவான், நடுவுல கம்பளி ஒரு பக்கமாச் சாயும். வெள்ளைக்காரனும் இதைக் கண்டுபிடிச்சு, எண்ணாத, “ரெடி, ஸ்டெடி”ன்னு சொல்லிட்டு நகர்த்துன்னு படிப்பிக்கிறானாமே. பரவாயில்ல, வந்து சேர்ந்துட்டான்.

இப்ப 1990 நம்பருக்கு அடிச்சா அம்புலன்ஸ் வருது. 2016-ல மேல் மாகாணத்துலயும் தென் மாகாணத்துலயும் தொடங்கினது, அப்புறம் நம்ம பக்கமும் ஏறி வந்துச்சு. நல்ல வேலை, காசும் கிடையாது. ஆனா எத்தனையோ தோட்டத்துல அது ரோட்டு முனையில நின்னுடும். முனையிலிருந்து லயத்துக்கு இருக்கிற படிக்கட்டை எந்த மாநாட்டுலயாவது படம் போட்டுக் காட்டினாங்களா? நீ காட்டு. உன் பேச்சுல நாலு படத்துல ஒண்ணு சுவீடன்ல செஞ்ச மின்சாரத் தூக்கி. அதை எடுத்துட்டு நம்ம படிக்கட்டைப் போடு.

அந்தத் தூக்கியை ஹோட்டல் வாசல்ல கடை விரிச்சு வெச்சிருப்பாங்க. ஆசைப்படுறவங்களை உட்கார வெச்சுத் தூக்கியும் காட்டுவாங்க. நீ ஏறாத, உன் பெரிய டாக்டரை ஏத்து. அவர் அந்தரத்துல தொங்கும்போது கடைக்காரர்கிட்ட மெதுவாக் கேளு: பேட்டரி செத்தா யாரு வருவா? ஆளைத் தாங்குற தொட்டில் துணி எத்தனை தருவீங்க, அது சலவைக்குப் போன நாள்ல என்ன செய்ய? பதில் வர்ற வரைக்கும் டாக்டரை இறக்க வேணாம். இதையெல்லாம் கேட்காம வாங்கின மிஷினுக்குக் கடைசியில ஸ்டோர் ரூம்ல பொலித்தீன் போர்வைதான்.

சறுக்குத் துணின்னு ஒண்ணைப் பத்தியும் வாசிச்சியே, அதை விட்டுடாத. வழுக்குற நைலோன் துணி, நோயாளிக்கு அடியில விரிச்சா தூக்காமலே கட்டில்ல மேலே நகர்த்தலாம். நம்ம பொடியன்கள் யூரியா பையில உட்கார்ந்து புல்லு மேட்டுல சறுக்குறானுகளே, அதே வித்தைதான். மிஷின் விலைக்கு இதை மூட்டை மூட்டையா வாங்கலாம். அதனாலதான் அதை விக்க யாரும் ஹோட்டல்ல சாப்பாடு போட மாட்டாங்க.

இன்னொண்ணு. முதுகைக் காப்பாத்துற மாநாட்டுல விடிஞ்சதுலேருந்து பொழுது சாயும் வரைக்கும் நாற்காலியிலதான் உட்கார வெப்பாங்க. இடையிடையே எழும்பி நில்லு. “முழங்காலை மடக்கு, முதுகை நேரா வை”ன்னு ஒருத்தர் படம் காட்டுவாரு. கை தட்டு, காசா பணமா? ஆனா மனசுல வெச்சுக்க: தூக்குற முறையைச் சொல்லிக் கொடுத்ததால முதுகுவலி வராம நின்னுச்சுங்கிறதுக்கு அத்தாட்சி இல்லைன்னு 2008-ல இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில வந்திருக்குன்னு நீதானே வாசிச்ச. அமெரிக்காவுல டாம்பாங்கிற ஊர்ல பழைய பட்டாளத்துக்காரங்க ஆஸ்பத்திரியில ஓட்ரி நெல்சன்னு ஒரு நர்ஸம்மா, கருவி, ஆளு, கட்டாயமான சட்டதிட்டம் எல்லாத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தப்பத்தான் காயம் குறைஞ்சுச்சு. இங்கிலாந்து நர்ஸுமார் சங்கமோ 1996-லேயே, உயிர் போற அவசரம் தவிர ஆளைக் கையால தூக்குறதையே ஒழிக்கணும்னு சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல மட்டும் குனியுற முறை சரியில்லைன்னு முதுகு மேல பழி போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுறோம்.

நோயாளியையும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லு. போன வருஷம் நான் படுத்திருந்தப்ப ரெண்டு பேரு வந்து கக்கத்துல கை கொடுத்து இழுத்தாங்க, தோள்பட்டை இன்னும் மழைக்கு வலிக்குது. “தாத்தா, கொஞ்சம் தள்ளி வர ஏலுமா?”ன்னு கேட்டிருந்தா நானே கட்டில் கம்பியைப் பிடிச்சு நகர்ந்திருப்பேன். நாற்பது வருஷம் கவ்வாத்து வெட்டின கை இது, கட்டைன்னு நினைச்சுட்டாங்க.

கடைசியா ஒரு சந்தேகம். அந்த மாநாட்டுக்கு டைரக்டர் வர்றாரு, டாக்டருமார் வர்றாங்க, மிஸ்ஸிமார் வர்றீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு உன் வாட்டுல நிசமாத் தூக்குற அந்த அட்டென்டன் பொண்ணு வருதா? வராது, ஏன்னா அவளும் வந்துட்டா அன்னைக்கு ராத்திரி தூக்க ஆளில்ல. உன் பேச்சுக்குக் கொடுத்த இருபது நிமிஷத்துல பத்தை அவளுக்குக் கொடுத்துடு. சிங்களத்துலயோ தமிழ்லயோ பேசட்டும், எந்தக் கட்டில் எந்தப் பக்கம் இழுக்கும்னு அவளுக்குத்தான் தெரியும். முன் வரிசையில உட்கார வை. டை கட்டின யாராவது அந்த நாற்காலி தன்னோடதுன்னு எழும்ப மாட்டேன்னா, கையால தூக்கிடாத தாயி, 16 கிலோவுக்கு மேல இருப்பாரு. துணியை விரிச்சு, “ரெடி, ஸ்டெடி” சொல்லிட்டு, பக்கத்து நாற்காலிக்குச் சறுக்கி விடு.