வயலோர வீடு

ஜாவா கிராமத்தில் வயலோரம் வீடு வாங்கி ஓய்வுக்காலத்தைக் கழிக்க ஆசை. உள்ளூர்க்காரர் பெயரில் முடித்துத் தருவதாகத் தரகர் சொல்கிறாரே?

காலத்தோடு பணத்தையும் கழித்துவிடுவார்! இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கே. வெளிநாட்டார் பினாமியாக வாங்கினால் கிரயம் செல்லாது. நிலம் அரசுக்கு, கொடுத்த பணமும் திரும்பாது. ஓரவஞ்சனை என்பீர்கள். வயல் விஷயத்தில் ஜகார்த்தாக்காரருக்கும் கெடுபிடிதான்: விளைநிலத்துக்குச் சொந்தக்காரர் அந்த வட்டாரத்திலோ அடுத்த வட்டாரத்திலோ குடியிருக்க வேண்டும் என்கிறது 1961 விதி. துண்டு வயலை நம்பிப் பிழைக்கிற குடும்பம், நகரத்துப் பணத்தோடு ஏலம் கேட்க முடியுமா? மீறுகிறவர்கள் அங்கேயும் உண்டு. அதற்காக விதி தப்பாகிவிடாது. குடியிருப்பு அனுமதி இருந்தால், 'ஹக் பக்காய்' என்ற பயன்பாட்டு உரிமையில் வீடு கிடைக்கும்: 30, 20, 30 என்று நீட்டி 80 ஆண்டு. ஆமாம், உங்களுக்கு இப்போது என்ன வயது?