எண்ணெய் காணாப் பழபஜ்ஜி: ஓர் ஆராய்ச்சி

மாலை நாலு மணிக்கு மேல் வடசேரியிலோ ஒழுகினசேரியிலோ தக்கலையிலோ ஏதாவதொரு டீக்கடையின் கண்ணாடி அலமாரியைப் பார்ப்பவர், மஞ்சளாக, நீளமாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் பண்டத்தைக் காண்பார். ஏத்தம்பழத்தை நெடுக்குவாட்டில் அரிந்து, மைதா மாவில் முக்கி, காய்ந்த எண்ணெயில் விட்டெடுத்தது. இதைப் பழபஜ்ஜி என்பாரும் உளர். பழம்பொரி என்பாரும் உளர். வாழைக்காப்பம் என்பாரும் உளர். பெயர் குறித்த வழக்கை இக்கட்டுரை விசாரணைக்கு எடுக்கவில்லை. எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே: எண்ணெய்ச் சட்டியைக் காணாமல், வீட்டு ஓவனில் சுட்டெடுத்த பழபஜ்ஜி, பழபஜ்ஜி ஆகுமா?

இக்கேள்வி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் நுழைந்த வரலாற்றை முதலில் சொல்லவேண்டும். நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடையே ஒரு காலத்தில் மாமன் சொத்து மருமகனுக்குப் போயிற்று. கவிமணி அதைக் கேலி செய்து ஒரு மான்மியமே பாடினார். 1926இல் திருவிதாங்கூரில் அந்த வழக்கத்தை மாற்றவென்றே சட்டமும் வந்தது. இப்போது ஓட்டம் எதிர்த்திசையில். வளைகுடாவில் வேலைபார்க்கும் மருமகன் மாமனுக்கு ஓவன் வாங்கித் தருகிறான். மாமனுக்கோ கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஓவன் சில காலம் பூப்போட்ட துணி போர்த்தி, கலியாணத்தில் வந்த சுவர்க்கடிகாரம் போல மரியாதையாக இருக்கும். பிறகு வீட்டில் ஒரு பெண்பிள்ளை செல்போனில் அமெரிக்கக்காரர்கள் ஆப்பிளை மாவில் கலந்து, எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் சுடுவதைப் பார்ப்பாள். ஆராய்ச்சி அன்றைக்குத் தொடங்கும்.

ஆப்பிளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது நமக்கு அயலூர்க்காரன். இமாசலத்துக் கோட்கரில் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் நூறாண்டுக்கு முன் கொண்டுவந்து நட்ட இனத்தின் வழிவந்தவை மலையிறங்கி, நாடு முழுவதும் லாரியில் பயணம் செய்து, வடசேரி சந்தைக்கு வந்து சேரும்போது கொஞ்சம் களைத்துத்தான் இருக்கும். நூறு கிராம் ஆப்பிளில் ஏறக்குறைய 85 கிராம் தண்ணீர். ஏத்தன் இனத்தில் 65 கிராம் அளவுதான். அந்த இருபது கிராம் வித்தியாசத்தில்தான் தத்துவமே அடங்கியிருக்கிறது. ஆப்பிள் சூடேறினால் தண்ணீர் விடும். ஆகவே அதைத் துண்டுதுண்டாக்கி, கெட்டியான மாவுக்குள் ஒளித்துவைக்க வேண்டும். ஏத்தம்பழமோ பழுத்த பிறகும் கொஞ்சம் மாச்சத்தைக் கைவிடாமல் வைத்திருப்பது. முழு நீளத்தில் தலைநிமிர்ந்து எண்ணெயில் இறங்கும் தெம்பு அதற்கு உண்டு. ஆகவே இவ்வாய்வு ஆப்பிளை வணக்கத்தோடு வழியனுப்பிவிட்டு, உள்ளூர்க் குலைக்குத் திரும்புகிறது.

இனி, ஓவன் பஜ்ஜி இலக்கண நெறிப்படி எவ்வகையில் அடங்கும்? தொல்காப்பியர் நூலை முதல்நூல், வழிநூல் என்று பிரித்தார். டீக்கடைச் சட்டியில் பிறந்தது முதல்நூல் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வழிநூல் செய்யும் முறை நான்கு: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. சட்டி நிறைந்த எண்ணெயை இரண்டு கரண்டியாகக் குறைத்ததனால் ஓவன் பஜ்ஜி தொகுத்தல். நாலு நிமிட வேலையை இருபது நிமிடமாக நீட்டியதனால் விரித்தல். இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமையால் தொகைவிரி. அமெரிக்கக் குறிப்பிலிருந்து எடுத்தமையால் மொழிபெயர்ப்பு. ஒரே தட்டில் நான்கும் அமைந்த வழிநூல் தமிழில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

அஃதேல், வழிநூல் முதல்நூலுக்கு ஈடாகுமோ எனின், ஆகாது என்க. என்னை? வெப்பம் பற்றி.

180 பாகை எண்ணெயும் 200 பாகை காற்றும் ஒன்றல்ல. 200 பாகை ஓவனுக்குள் கையை நீட்டி, தட்டைத் தொடாமல், முன்வரிசைப் பஜ்ஜியைக் கிள்ளிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளலாம். 180 பாகை எண்ணெயில் விரல்நுனி வைத்தவர் ஆராய்ச்சியைத் தொடரமாட்டார். எண்ணெய் மாவின் மேனி முழுவதையும் ஒரே நேரத்தில் தழுவிச் சூட்டை உள்ளே இறக்குகிறது. காற்று அந்த வேலையில் சோம்பேறி. மாவின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 பாகையைத் தாண்டாது. ஈரம் வற்றி 140 பாகையை நெருங்கினால்தான் மாவும் சீனியும் சேர்ந்து பொன்னிறமும் மணமும் கொடுக்கும். இவ்வினையை 1912இல் விளக்கிய லூயி காமில் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் நாகர்கோவில் வந்தவரல்லர். ஆனாலும் நம் டீக்கடை மாஸ்டர்கள் அவர் சொன்னதைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள். எண்ணெயில் சில நிமிடத்தில் மேலோடு கட்டிவிடுவதால் உள்ளே பழம் குழைந்தும் குழையாமலும் நிற்கும். ஓவனில் மேலோடு சிவப்பதற்குள் பழம் பாகாகி, பக்கவாட்டில் ஒழுகி, தட்டில் கருகி ஒட்டிக்கொள்ளும்.

அற்றன்று, எண்ணெய் உடம்புக்குக் கேடு, ஓவனே மேல் எனின்? இந்த மறுப்பில் பாதி நியாயம் உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. அளக்கும் கருவி எத்தனை சட்டிகளுக்குள் இறங்கியிருக்கும் என்பது வாசகரின் கற்பனைக்கு. ஆனால் எண்ணெய் பஜ்ஜிக்குள் எப்போது நுழைகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேகும்போது உள்ளிருந்து ஆவி சீறி வெளியேறுவதால் எண்ணெய் உள்ளே போக வழியில்லை. வெளியே எடுத்து ஆறும்போது ஆவி அடங்கி, மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. எடுத்தவுடன் உதறி வடியவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மேலும், எண்ணெயை விலக்கிய ஓவன் பஜ்ஜியிலும் மைதா அப்படியே இருக்கிறது, சீனி அப்படியே இருக்கிறது. சர்க்கரை நோயாளி அதைத் தின்றுவிட்டு ஓவனைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

செய்முறை சொல்லாமல் தத்துவம் மட்டும் பேசுவது நாணயமன்று. வீட்டில் செய்தே தீருவேன் என்பவர் கவனிக்கவேண்டிய முதல் சங்கதி பழம். சட்டிக்குத் தோல் கறுத்துப் புள்ளி விழுந்த பழம் உகந்தது. ஓவனுக்கு மஞ்சள் நிறத்தில், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி கண்டது போதும். மாவு இட்லி மாவைவிடக் கெட்டியாக இருக்கவேண்டும். நீர்த்தால் பழம் ஒரு புறமும் மாவு ஒரு புறமுமாகப் பாகப்பிரிவினை நடந்துவிடும். மைதா இரண்டு பங்கு, அரிசிமாவு ஒரு பங்கு, சீனி, உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு சிட்டிகை ஆப்பசோடா. அரிசிமாவைச் சேர்க்காவிட்டால் ரொட்டி வரும். முக்கியமான சூட்சுமம் தட்டில் இருக்கிறது: வெறும் தட்டை ஓவனுக்குள்ளேயே 200 பாகையில் காயவிட்டு, தேங்காயெண்ணெய் இரண்டு கரண்டி ஊற்றிப் பரப்பி, சுர்ரென்று சத்தம் கேட்கும்படி துண்டுகளை அடுக்கவேண்டும். பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திருப்பி, மேலே ஒரு கை எண்ணெய் தடவி, இன்னும் எட்டு நிமிடம். நுண்ணறிவுடைய வாசகர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்: ஓவன் பஜ்ஜி நன்றாக வருமிடமெல்லாம் எண்ணெய் இருக்கிறது.

2010இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகமான ஏர் ஃபிரையர் பற்றி ஒரு வரி போதும். ஈர மாவை அதன் கம்பிக்கூடையில் வைத்தால் மாவு கீழே சொட்டும். பழம் நிர்வாணமாக நிற்கும்.

இனி வகைப்பாட்டுக்குச் சட்டச் சான்று. 1991இல் இங்கிலாந்தில் ஜாஃபா கேக் என்பது கேக்கா பிஸ்கட்டா என்று வரித் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது. கேக்குக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது, சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. அங்கே எடைபோட்ட சான்றுகளில் ஒன்று அருமையானது: கேக் பழசானால் கடினமாகும், பிஸ்கட் பழசானால் நமுத்துப்போகும். ஜாஃபா கடினமாயிற்று, கேக் என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டிலும் 2020இல் கர்நாடகத்தில் முன்தீர்ப்பு அதிகாரிகள் பரோட்டா ரொட்டி வகையில் சேராது என்று சொல்லி 18 சதவீத வரிக்கு வழி செய்தது நினைவிருக்கலாம். ஆங்கிலேயச் சோதனையை நம் பண்டத்துக்குப் பொருத்தினால் விடை தெளிவு. சட்டிப் பஜ்ஜி மறுநாள் காலையில் தளர்ந்து எண்ணெய் கசியும். ஓவன் பஜ்ஜி மறுநாள் காலையில் தோலாக இழுபடும். பழசாகும் விதம் வேறாகவே, இனமும் வேறு என்பது பெறப்பட்டது.

நிபுணர் கருத்தும் கேட்கப்பட்டது. ஓவனில் சுட்டதை வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தபோது, வீட்டுக்கு வந்திருந்த அத்தை இரண்டு தின்றார். மூன்றாவதை எடுத்துக்கொண்டே, “பலகாரம் நல்லாத்தான் இருக்கு மக்களே. பஜ்ஜி எப்பம் வரும்?” என்றார். இதைவிடச் சுருக்கமான மதிப்பீட்டை எந்தப் பல்கலைக்கழகமும் தராது.

ஆகவே தீர்ப்பு: ஓவனில் சுட்ட ஏத்தம்பழம் உண்ணத் தகுந்தது, விருந்தாளிக்கும் கொடுக்கலாம், பஜ்ஜி என்று சொல்லிக் கொடுப்பது மட்டும் கூடாது. ஆராய்ச்சியைத் தொடர விரும்புவோருக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கன்னியாகுமரி மட்டிப்பழம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பச்சைப்பிள்ளைக்கு முதல் ஆகாரமாகக் கொடுக்கும் பழம். அதை மாவில் முக்கவோ ஓவனில் வைக்கவோ யாரும் முற்படவேண்டாம். உரித்துத் தின்னுங்கள், போதும்.