கமண்டலத்தில் பெட்ரோல்

கொழும்பில் வாழ்ந்த தாவரவியல் ஆசிரியர் ஆபிரகாம் கோவூர் 1963-இல் அற்புத சக்தி உண்டு என்பவர்களுக்கு ஒரு சவால் விட்டார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நோட்டின் எண்ணைச் சொல்லுங்கள், தண்ணீரைப் பெட்ரோலாக்குங்கள், தணலில் அரை நிமிடம் அசையாமல் நில்லுங்கள். ஏதாவது ஒன்று போதும், ஒரு லட்சம் ரூபாய். 1978-இல் அவர் இறக்கும்வரை பணம் பத்திரமாக இருந்தது.

பக்தரின் முற்பிறவியையே புட்டுப்புட்டு வைக்கும் மகான்கள், நோட்டு எண் என்றதும் மௌனவிரதம் பூண்டார்கள். பணத்தாசை இல்லாதவர்களாம். அப்படியானால் ஆசிரம உண்டியல்? அது பக்தர்களின் ஆசை, தடுக்கலாமா!

என் வருத்தமெல்லாம் அந்தப் பெட்ரோலைப் பற்றித்தான். 2022-இல் இலங்கை மக்கள் கேனும் கையுமாக நாள்கணக்கில் வரிசையில் நின்றார்களே, அப்போதாவது ஒரு சுவாமி மனம் இரங்கியிருக்கலாம். கமண்டலத்தில் தண்ணீருக்கா பஞ்சம்?