சிலம்பு செரிச்ச வயிறு

வாடா பேராண்டி, உக்காரு. கட்டில் ஓரத்துல வேணாம், கயிறு தொங்கிப்போச்சு. கண்ணென்ன இப்படிச் செவந்து கெடக்கு? மூணு நாளா ஒறக்கமில்லைன்னு ஒங்க அப்பத்தா பொலம்புறா. பித்தமாம். எலுமிச்சம்பழத்தைத் தலையில தேய்க்கச் சொன்னாளாம். தேய்ச்சுக்க, முடிக்கு நல்லது. ஒறக்கத்துக்கு எங்கிட்ட வேற வைத்தியம் இருக்கு.

ஏன் ஒறக்கம் வரலைன்னு நான் கேக்கமாட்டேன். அம்மன் பொங்கலுக்கு வசூலிச்ச தலைக்கட்டு வரியில 4,200 ரூபா கொறையுதுன்னு சாவடியில பேச்சு. கணக்கு நோட்டு ஒன் கையில இருந்துச்சு. மைக்செட் போட வந்த வெளியூர்ப் பையன் எடுத்திருப்பான்னு யாரோ சொன்னாங்களாம். அந்த யாரோ யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் வயசாச்சு, மறந்துபோகும்.

நான் சொல்றது என்னன்னா, செஞ்சது பெரிசில்ல. செஞ்சுட்டு முழிச்சுக்கிட்டுக் கெடக்க பாரு, அங்கதான் தொழில் சுத்தமில்ல. இதைக் கத்துக்கணும்னா சிலப்பதிகாரத்துல ஒரு ஆளு இருக்கான். நீ காலேசுல தமிழ் படிச்சவன், மூணு உண்மைன்னு பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருப்ப. எனக்கு வந்ததெல்லாம் விடியவிடியப் பாத்த சங்கரதாஸ் சுவாமிகளோட கோவலன் நாடகமும், பள்ளிக்கூட வாத்தியார் திண்ணையில ஒக்காந்து காதை காதையா வாசிச்சதுந்தான். நாடகத்துல கண்ணகிக்கு அழுதேன். திண்ணையிலதான் அந்தப் பொற்கொல்லனைக் கவனிச்சேன்.

அடடா, என்ன மனுசன்! அரசியோட சிலம்பை அமுக்குனவன் அவன். நூறு பேரு பின்னால வர, சட்டை போட்டுக்கிட்டு, கையில கொறட்டோட வீதியில வர்றான். எதிர்ல கோவலன் வந்து, பொண்டாட்டி கண்ணகியோட சிலம்புக்கு வெலை போடத் தெரியுமாங்கிறான். இவன் கும்பிடு போடுறான். என் குடிசைப் பக்கமா இருங்கன்னு ஒபசாரம் பண்றான். நேரா அரண்மனைக்குப் போயி, திருடன் என் குடிசையிலதான் இருக்கான்னு சொல்றான். நாக்கு ஒருதரம் கொழறலை.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. காவக்காரங்க கோவலன் மொகத்தைப் பாத்துட்டு, இவன் கொல்லத்தக்க ஆளாத் தெரியலையேன்னு தயங்குறாங்க. வேற ஒருத்தனா இருந்தா வேர்த்திருக்கும். இவன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், எடம், காலம், கருவின்னு திருடனுக்கு எட்டுத் தொணை உண்டுன்னு அங்கனயே வகுப்பெடுக்கிறான். திருட்டைப் பத்தி இம்புட்டு வெவரம் ஒனக்கு எப்படிய்யா தெரியும்னு ஒரு பய கேக்கணுமே! கேக்கலை. குடிச்சிருந்த ஒருத்தன் வாளை வீசிட்டான். முடிஞ்சது.

அப்புறம் அந்தப் பொற்கொல்லன் என்ன ஆனான்? 30 காதையையும் பொரட்டிப் பாரு. அழுதான், அலறுனான், கனாக் கண்டான்னு தனியா ஒரு வரி கெடையாது. சிலம்பு செரிச்ச வயிறு அது. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கியிருப்பான்னுதான் நான் நெனைக்கிறேன்.

இப்பப் பொழைக்கத் தெரியாதவங்களைப் பாரு. பாண்டியன் நெடுஞ்செழியன். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, சமாதானம் பண்ண ஓடுறான். போற வழியில பொற்கொல்லன் குறுக்க விழுந்து சொன்னதைக் கேட்டு, விசாரிக்காம ஒரு உத்தரவு. அவசரத்துல நழுவுன ஒரு வார்த்தை. கண்ணகி வந்து சிலம்பை ஒடைக்கிறா. அரசியோடதுல முத்து, இதுல தெறிச்சது மாணிக்கம். நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்? விசாரணைக் கமிஷன் போட்டிருப்பேன். ஒடைஞ்சது அசல்தானான்னு ஒரு நிபுணர் குழு. அறிக்கை வர்றதுக்குள்ள கண்ணகிக்கு நரை தட்டியிருக்கும். அந்த ஆளு என்னடான்னா, திருடன் நான்தான்னு அரியணையிலேர்ந்து சாஞ்சான், சாஞ்சவன் எந்திரிக்கலை. கோப்பெருந்தேவியும் கூடவே போயிட்டா.

கண்ணகிக்கு 1968ல மெரினாவுல செலை வச்சாங்க. 2001ல எடுத்தாங்க, 2006ல திரும்ப வச்சாங்க. பாண்டியனுக்கு அங்க ஒரு செலை வைக்கணும்னு யாரும் கேட்டமாதிரி என் காதுல விழலை. வச்சா, கையெழுத்துப் போடுற உத்தியோகத்துல இருக்கவங்க தெனமும் அந்த வழியா நடந்துல்ல போகணும்? எதுக்கு வம்பு.

கோவலன் கதை வேற மாதிரி. அவனுக்குக் குத்தம் மனசுல உண்டு, ஆனா தவணையில வரும். மாதவியை விட்டுத் திரும்புன ராத்திரி கண்ணகிகிட்ட என்ன சொல்றான்? ஒரு பசப்புக்காரியோட சேந்து குடும்பச் சொத்தைத் தொலைச்சேன், இல்லாமை வெட்கமா இருக்குன்னு. பாத்தியா, பழி மாதவி தலையில, வெட்கம் காசு போனதுக்கு. அவ சிரிச்சுக்கிட்டே சிலம்பு இருக்கு எடுத்துக்கங்கன்னா. இன்னும் மாதவிக்குக் குடுக்கத்தான் கேக்குறான்னு அவ நெனைச்சிருக்கணும். அந்தச் சிரிப்பு எனக்கே சுடுது, அவனுக்குச் சுட்டுச்சா தெரியலை.

ரெண்டாந்தவணை மதுரைக்குப் போற வழியில. மாதவி ஓலையைக் கௌசிகன் கொண்டாறான். படிச்சுட்டு, அவமேல தப்பில்லை, என் தப்புதான்னு தளர்ச்சி நீங்குறான். நெசமாத்தான் சொல்றான். ஆனா பய அடுத்து செஞ்சதைப் பாரு. ஓலையில இருக்க மன்னிப்பு வாசகம் அப்பா அம்மாவுக்கும் பொருத்தமா இருக்குன்னு, அதே ஓலையை அவங்களுக்கு அனுப்பிட்டான்! வாட்ஸ்அப்புல வந்ததை அப்படியே அடுத்தவனுக்குத் தள்ளிவிடுறீங்களே, அதுக்கு மூலபுருசன் இவந்தான். சொந்தமா ரெண்டு வரி எழுதச் சோம்பலா, கை நடுங்குச்சா? நடுங்கியிருக்கும்னே வச்சுக்குவம், பாவம்.

மூணாந்தவணை கவுந்தி அடிகள்கிட்ட. நெறி தப்புனேன், இந்தப் பொண்ணை இப்படி அலைய விட்டேன்னு. தூதுவந்தவன்கிட்டச் சொல்லியாச்சு, சாமியாரம்மாகிட்டச் சொல்லியாச்சு. சொல்லவேண்டியவ பக்கத்துலயே நடந்து வந்துக்கிட்டு இருக்கா.

கடைசியா மாதரி வீட்டுல. பலாக்காயும் வெள்ளரியும் மாதுளங்காயும் வச்சுக் கண்ணகி ஆக்கிப் போட்டா. சாப்ட்டான். வெத்தலை பாக்கு மடிச்சுக் குடுத்தா. போட்டுக்கிட்டான். அப்பத்தான் ஒடைஞ்சான். வீணாப்போன கூட்டத்தோட திரிஞ்சேன், பெத்தவங்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்யலை, ஒனக்குக் கொடுமை பண்ணேன், கெளம்புன்னதும் கெளம்பிட்டியேம்மான்னு. அவளும் மழுப்பலை. நீங்க செஞ்சது போற்றத்தக்க காரியமில்லைன்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டு, சிலம்புல ஒண்ணைக் குடுத்து அனுப்புறா. அந்தச் சோறு செரிக்கிறதுக்குள்ள அவன் உயிரு போயிருச்சு. வாய்விட்டுச் சொன்னதுக்கு அப்புறம் அவனுக்குக் கெடைச்சது அரை நாளுகூட இல்லை. என்னைக் கேட்டா அந்த அரை நாளுதான் அவன் வாழ்ந்தது. இது கிழவன் கிறுக்கு, விடு.

தப்பே பண்ணாதவங்க பட்ட பாடு அடுத்தது. வீட்டுல எடம் குடுத்த மாதரி, அடைக்கலத்தைத் தொலைச்சுட்டேன்னு நெருப்புல விழுந்தா. கவுந்தி பட்டினி கெடந்தே போயிட்டா. மாடலன்னு ஒரு பார்ப்பான், மதுரையில நடந்ததைப் புகாருக்குப் போயிச் சொன்னான், அம்புட்டுத்தான். அதைக் கேட்டு கோவலன் ஆத்தாளும் கண்ணகி ஆத்தாளும் உயிரை விட்டாங்க. அவங்க அப்பன்மாருல ஒருத்தர் பௌத்தத்துலயும் இன்னொருத்தர் ஆசீவகத்துலயும் போயிச் சேந்தாங்க. என் வாயால கேட்டுல்ல செத்தாங்கன்னு மாடலன் கங்கைக்கு முழுகப் போறான். சேதி சொன்னவனுக்கு அந்த அரிப்பு! ஆயிரம் பொற்கொல்லர்களைப் பத்தினிக்கு ஒரே பகல்ல பலி குடுத்தான், நெடுஞ்செழியனுக்கு அப்புறம் பட்டத்துக்கு வந்த வெற்றிவேற்செழியன். அதுல நம்மாளு இருந்தானான்னு தெரியாது. மிச்சப்பேரு என்ன எடுத்தாங்க? நகைப்பட்டறை ஆளுக முன்னால இந்தப் பகுதியை வாத்தியார் கொரலைத் தாழ்த்தித்தான் வாசிப்பார்.

இன்னொரு வசதியும் அந்தப் புத்தகத்துல இருக்கு, மறந்துட்டேன். ஊழ். போன பிறவியில கோவலன், சங்கமன்னு ஒரு வியாபாரியை ஒற்றன்னு காட்டிக்குடுத்துக் கொல்ல வச்சானாம், அவன் பொண்டாட்டி நீலி விட்ட சாபம் இதுன்னு மதுராபதித் தெய்வமே வந்து சொல்லுது. நீயும் வச்சுக்க. அந்த மைக்செட் பையன் போன பிறவியில ஒங்கிட்ட 4,200 ரூபா கைமாத்து வாங்கிட்டுத் தராம ஓடியிருப்பான். வட்டி போட்டா இன்னும் அவன்தான் தரணும்.

என்னடா, சிரிப்பு வரலையா? மருந்து வேலை செய்யலை போல. ஒன்னை நம்பி நான் பொற்கொல்லன் பாடம் எடுத்தேன், நீ அதுக்கு லாயக்குப்படமாட்ட. ஒங்கப்பன் சின்னவயசுல அடுத்தவன் கொல்லையில மாங்காய் பறிச்சுட்டு ரெண்டு நாள் காய்ச்சல்ல கெடந்தான், அந்த ரத்தம்.

சரி, எந்திரி. அந்தப் பையன் நாளைக்குக் குழல்விளக்கைக் கழட்ட வர்றான். சாவடியில அவனை நிறுத்திக் கேக்கப்போறாங்களாம். அதுக்கு முன்னால மத்தியானச் சோறு நம்ம வீட்டுலதான்னு ஒங்க அப்பத்தாகிட்டச் சொல்லிட்டேன். பலாக்காய் கெடைச்சா வாங்கிட்டு வா. அவளுக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. நீதான் பரிமாறணும்.